லிண்டலுக்கு முந்தின நாள்

நாளைக் காலை லிண்டல் கான்கிரீட்; கதவு, ஜன்னல்களின் தலைக்கு மேல் சுவர் முழுக்க ஓடும் பட்டை. அதற்குள் துளைகள் எங்கே என்று சொல்லியாக வேண்டும்.

ஆரோக்கியம் மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"சார், கம்பி கட்டியாச்சு. பைப் துண்டெல்லாம் வெட்டி, உள்ள ஈர மணல் அடைச்சு, வாய்க்குச் சாக்கு கட்டி வச்சிருக்கேன். எங்க வைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சாயந்திரம் சொல்றேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. லிண்டல் போட்டப்புறம் சொன்னீங்கன்னா உடைக்கணும். உள்ள கம்பி ஓடுது. என் வேலையை நானே உடைக்கிற மாதிரி வச்சுராதீங்க."

"சாயந்திரம்னு சொன்னேனே, மேஸ்திரி."

மேஸ்திரி தலைத்துண்டை உதறினார். "பொண்ணு பாக்கப் போனவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான் சார். அஞ்சு மணிக்கு நான் போன் போடுவேன். எடுக்கணும்."

அமிர்தலிங்கம் கூரை இல்லாத அந்த வீட்டுக்குள் நின்று மேலே பார்த்தார். சுவர்களுக்கு மேல் வானம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மழையும் வரவில்லை, வெயிலும் வரவில்லை. ஒரு வாரமாக இப்படித்தான்.

அவர் ஓய்வு பெற்ற பொறியாளர். பாலங்களும் பள்ளிக்கூடங்களும் கட்டியவர். இந்த வீட்டைத் தன் மனைவி சௌந்தரவல்லிக்காகக் கட்டிக்கொண்டிருந்தார். வல்லிக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூசியில்லாத காற்று கிடைத்தால் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான் என்றார்.

இப்போது குடியிருக்கும் வீடு திண்டுக்கல் டவுனுக்குள் இருந்தது. பக்கத்துச் சுவரை ஒட்டி மாவு மில். மிளகாய் அரைக்கிற நாட்களில் தெருவே தும்மும். வல்லிக்குத் தும்மலோடு நிற்காது. அதனால் ஊருக்கு வெளியே இந்த இடத்தை வாங்கினார். இங்கேயும் குவாரி லாரிகள் புழுதி கிளப்பின. ஜன்னலே திறக்கத் தேவையில்லாத வீடாகக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். ஒரு பெட்டி வெளிக்காற்றை இழுத்து வடிகட்டும். சுவருக்குள் போகும் குழாய்கள் அதை அறைகளுக்குக் கொண்டுபோகும். வேறு குழாய்கள் கெட்ட காற்றை வெளியே தள்ளும்.

குழாய் போக வேண்டுமானால் சுவரில் துளை வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு துளைத்தால் சுவர் பலவீனமாகிவிடும். அதனால் துளை வர வேண்டிய இடத்தில் மணல் அடைத்த குழாய்த் துண்டை முன்பே வைத்துவிடுவார்கள். இறுகிய பிறகு மணலைக் குத்தி எடுத்தால் துளை நிற்கும். துளை துளையாக நிற்பதற்காக அதை முதலில் அடைத்துவைப்பது.

இவையெல்லாம் அமிர்தலிங்கத்துக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அவரால் முடிவெடுக்க முடியவில்லை. காற்று நேராக முகத்தில் அடித்தால் வல்லிக்கு இருமல் வரும். தள்ளி வைத்தால் அவள் இருக்கும் மூலைக்கு வந்து சேராது. கட்டிலை நகர்த்தினால் துளை நகர்ந்தது. துளையை நகர்த்தினால் குழாய் வளைந்தது. படத்தை மாற்றி மாற்றி வரைந்துகொண்டே இருந்தார். போன தையில் தொடங்கியிருக்க வேண்டிய வீடு இந்தப் புரட்டாசியில்தான் லிண்டலுக்கு வந்திருந்தது.

படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிறுமலை அடிவாரத்துக்கு பஸ் ஏறினார்.

அங்கே கொய்யாத் தோப்புக்குள் ஓட்டு வீடு ஒன்றில் அவருடைய குரு இருந்தார். பெயர் நாச்சியார். வயது நாற்பதுக்கு மேல் இராது. போதனை எதுவும் செய்வதில்லை. வருகிறவர்களோடு உட்கார்ந்திருப்பார், வேலை இருந்தால் வேலை செய்வார். அமிர்தலிங்கம் ஓய்வு பெற்ற நாளிலிருந்து வந்துகொண்டிருந்தார். "மக வயசுப் பொம்பளைகிட்டப் போய் என்னத்தைக் கத்துக்கிறாரோ" என்று அவருடைய பழைய ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் சில நாள் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

அவர் போனபோது குரு அடுப்புச் சாம்பலை வழித்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க லிங்கம். புதுப் படமா?"

"ஆமாம்மா."

"போன படம்?"

"அதுல ஒரு தப்பு இருந்தது."

"இதுல?"

"தெரியலம்மா. அதுக்குத்தான் வந்தேன். நாளைக்குக் கான்கிரீட். இனிமே மாத்த முடியாது."

வாசலில் படத்தை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். குரு குனிந்து பார்த்தார்.

"இது என்ன, ரெண்டு அறைக்கும் நடுவுல பாம்பு மாதிரி?"

அமிர்தலிங்கத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அது முக்கியமான எடம்மா. ரெண்டு அறைக்கும் ஒரே பெட்டியிலேருந்துதான் காத்து போகுது. அப்படியே விட்டா ஒரு அறையில பேசுறது குழாய் வழியா இன்னொரு அறையில கேக்கும். அதுக்காகக் குழாயை ரெண்டு எடத்துல வளைச்சு, உள்ள கம்பளி ஒட்டச் சொல்லியிருக்கேன். காத்து போகும். சத்தம் போகாது."

"என்ன சத்தம்?"

"அவ இருமல்தான்."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"எனக்கில்லம்மா. அவளுக்குத்தான் கூச்சம். என் தூக்கம் கெடுதுன்னு அவதான் என்னை முன் அறைக்குப் போகச் சொன்னா. இப்ப இருக்கிற வீட்டுலயும் தனித்தனியாத்தான் படுக்கிறோம்."

குரு தலையாட்டினார். சாம்பல் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க படம் எனக்குப் புரியல. அவங்க அறைய மட்டும் இங்க தரையில வரைஞ்சு காட்டுங்க. நெசமான அளவுக்கு."

"இங்கயா?"

"வாசல் பெருக்கித்தான் கிடக்கு."

அமிர்தலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். காலால் அடி வைத்து அளந்து, சாம்பலைக் கோடாக இழுத்தார். நான்கு சுவர் வந்தது. கதவுக்கு இடைவெளி விட்டார். நடுவில் கட்டிலை வரைந்தார். சுவர்க் கோடுகளில் இரண்டு சிறு வட்டங்கள் போட்டார்.

"இது காத்து வர்ற துளை. இந்தப் பக்கம் போற துளை. தலைமாடு தெற்கே."

"சரி. படுங்க."

"அம்மா?"

"கட்டில்ல படுங்க. அவங்க எப்படிப் படுப்பாங்களோ அப்படி."

அவர் சிரிக்கப் பார்த்தார். குரு சிரிக்கவில்லை. தோப்பில் யாருமில்லை. அமிர்தலிங்கம் சட்டையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு சாம்பல் கட்டிலுக்குள் மெதுவாகப் படுத்தார். மண் குளிர்ந்திருந்தது. மேலே மேகம் அசையாமல் நின்றது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வயிற்றின் மேல் கோத்து வைத்துக்கொண்டார். அடுத்த கணமே பிரித்துவிட்டார். அந்தக் கிடப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

"எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாங்க?" குருவின் குரல் கேட்டது.

இடது பக்கம் திரும்பினார். துளை முகத்துக்கு எதிரே வந்தது. வலது பக்கம் திரும்பினார். துளை முதுகுக்குப் பின்னால் போனது. மறுபடி மல்லாந்தார்.

"தெரியலம்மா."

குரு கையிலிருந்த சாம்பலைத் தட்டிக்கொண்டார்.

"ரொம்ப அடக்கமாப் படுப்பா. அது தெரியும். காலையில போய்ப் பாத்தா விரிப்புகூட கசங்கியிருக்காது. ராத்திரி விரிச்சது விரிச்சபடியே இருக்கும்."

ஒரு காக்கை ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்து பறந்து போனது.

"எழுந்திரிங்க லிங்கம்."

எழுந்து முதுகைத் தட்டினார். சாம்பலும் மண்ணும் உதிர்ந்தன.

"வீட்டுக்குப் போங்க. எந்தப் பக்கம்னு அவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க."

"கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சும்மா. இப்பப் போய் இதை எப்படிக் கேக்குறது? என்ன நெனைப்பா?"

"அது எனக்குத் தெரியாது."

"நீங்களே ஒரு பக்கம் சொல்லிட்டீங்கன்னா..."

குரு துடைப்பத்தை எடுத்து, அவர் வரைந்த அறையைப் பெருக்கத் தொடங்கினார்.

*

வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது.

வல்லி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூக்கைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருந்தாள்.

"என்ன, சட்டையெல்லாம் சாம்பல்? சாமியாராகிட்டீங்களா?"

"வல்லி, ஒண்ணு கேக்கணும்."

"சாப்பிட்டுட்டுக் கேளுங்க."

"இல்ல, இப்பவே. நீ எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்ப?"

அவள் கை நின்றது. "எதுக்கு?"

"சும்மாதான்."

"இந்த வயசுல இது என்ன கேள்வி? உங்க குருவம்மா கேக்கச் சொன்னாங்களா?"

"துளை எங்க விடணும்னு முடிவு பண்ணணும். நாளைக்குக் கான்கிரீட்."

"ஓ. துளைக்கா." கீரையைத் தட்டில் போட்டாள். "எத்தனை துளை விடுறீங்க அந்த வீட்டுல? என் போட்டோ மாட்ட ஆணி அடிக்க ஒரு எடம் விட்டிருக்கீங்களா? அப்புறம் சுவரு பலவீனமாகுதுன்னு சொல்லக் கூடாது."

"வல்லி."

"சிரிக்கத்தான் சொன்னேன்."

"இடதா, வலதா? அதை மட்டும் சொல்லு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகியது. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அமிர்தலிங்கம் தண்ணீர் எடுக்கப் போனார். வேண்டாம் என்று கையசைத்தாள். வெகுநேரம் இருமினாள். அவ்வளவு நேரமும் அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை கிட்டத்தில் நின்று அந்த இருமலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

அடங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் படுக்கிறதில்லைங்க."

"என்ன?"

"படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்துதான் தூங்குறேன்."

"எங்க?"

அவள் முகவாயால் காட்டினாள். பின்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சுவரை ஒட்டிக் கிடந்தது. அதன் கைப்பிடியில் ஒரு பழைய சேலை மடித்துப் போட்டிருந்தது. பகலில் அதன் மேல் காய்கறிக் கூடையோ பால் பாத்திரமோ இருக்கும். அவர் பார்த்ததெல்லாம் அதுதான்.

"கதவு இடுக்குல கொஞ்சம் காத்து வருது. ராத்திரி மில்லு ஓடாது பாருங்க, நல்ல காத்துதான்."

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் கை அகலத்துக்கு ஒரு கறை இருந்தது. அமிர்தலிங்கத்துக்கு அந்தக் கறையைத் தெரியும். மூன்று நான்கு மாதம் முன்னால் அதைப் பார்த்துவிட்டு, பின்பக்கத்துச் சாக்கடையிலிருந்து ஓதம் ஏறுகிறது என்று சொன்னவர் அவர்தான். விரலால் தட்டிப் பார்த்தார். பூச்சு கெட்டியாக இருக்கிறதே என்று வியந்தார்கூட. புது வீட்டுக்குப் போகிறோமே, இனி எதற்கு என்று விட்டுவிட்டார்.

இப்போது குனிந்து பார்த்தார். தேங்காயெண்ணெய் வாசம் வந்தது.

"அவ்வளவு நாளாவா?"

"போன ஐப்பசியில விடாம மழை பேஞ்சுதே, அப்போலேருந்து."

"அப்ப உன் அறையில அந்தக் கட்டில்?"

"ராத்திரி விரிப்பேன். காலையில நீங்க எழுந்து வந்து பாப்பீங்கல்ல."

"ஏன் வல்லி எங்கிட்டச் சொல்லல?"

அவள் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

"சொன்னா கட்டிலை மாத்தி வரைவீங்க."

மில் ஓடிக்கொண்டிருந்தது. அமிர்தலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தலை, கறைக்குக் கொஞ்சம் மேலே போய் இடித்தது. கதவிடுக்கு வழியாகக் காற்று வந்து கணுக்காலில் பட்டது. மிக மெல்லிய காற்று. ஒரு வருடமாக அவள் இதை வைத்துத்தான் விடியும் வரை காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், முன் அறையில், அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு அவளுக்காகக் காற்று வரைந்துகொண்டிருந்தார்.

யாருக்காக வரைந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"எழுந்திரிங்க. அந்தக் கால் கொஞ்சம் ஆடும்" என்றாள் வல்லி.

*

அவர் மறுபடி தோப்புக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. தூறல் விழலாமா வேண்டாமா என்று இருந்தது. வாசலில் சாம்பல் கோட்டின் தடம் எதுவுமில்லை.

குரு படியில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்." நாற்காலியைச் சொன்னார். கதவிடுக்கைச் சொன்னார். சுவர்க் கறையைச் சொல்லும்போது குரல் இறங்கிப் போனது. கட்டிலை மாத்தி வரைவீங்க என்று அவள் சொன்னதையும் சொன்னார்.

குரு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அது என்ன கையில?" என்றார் கடைசியில்.

அமிர்தலிங்கம் சுருளை விரித்தார். பஸ்ஸில் வரும்போதே பென்சிலால் திருத்தியிருந்தார். கட்டில் இருந்த இடம் அழிக்கப்பட்டிருந்தது. பஸ் குலுக்கலில் கோணிப்போன கோடுகளோடு, அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

"துளையைத் தலை உயரத்துக்கு இறக்கிட்டேம்மா. அது செங்கல் சுவர்தான், அப்புறம்கூடத் தட்டிக்கலாம். காத்து நேரா மூஞ்சியில அடிக்காம காதோரமா போகும். லிண்டல்ல விட வேண்டிய துளை எங்கங்கிறதுதான் இப்ப..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். படத்திலிருந்த நாற்காலியைப் பார்த்தார். பென்சில் வைத்திருந்த கையைப் பார்த்தார்.

குரு படத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இது அவங்க அறை."

"ஆமாம்மா."

"இந்த அறை?"

"முன் அறை. நான் படுக்கிறது."

"ரெண்டுக்கும் நடுவுலதான் அந்தக் கம்பளி."

"ஆமா."

"அவங்க சத்தம் போட்டுக் கூப்பிடுவாங்களா?"

அமிர்தலிங்கம் யோசித்தார். "அவளுக்கு இப்ப சத்தம் வராதும்மா. மூச்சு பத்தாது. இருமல் ஒண்ணுதான் வரும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மேஸ்திரி. எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார், எடுத்தார்.

"சார், அஞ்சாச்சு. இருட்டிக்கிட்டு வருது. ஆளுங்க கிளம்புறாங்க. மத்ததெல்லாம் உங்க பழைய படத்துல இருக்கிறபடியே வச்சாச்சு. கம்பிக்கு நடுவுல வைக்க வேண்டியது ஒரு பைப்தான் பாக்கி, ரெண்டு அறைக்கும் நடுச்சுவர்ல வர்றது. அந்த வளைஞ்ச குழாய்க்கு. எங்க வைக்கட்டும்?"

"ஒரு நிமிஷம் மேஸ்திரி."

"சார், இன்னும் எத்தனை நிமிஷம் சார்?"

அமிர்தலிங்கம் போனைக் காதிலிருந்து இறக்கினார். ஓட்டின் மேல் முதல் தூறல் விழுந்தது. படத்தின் மேலும் ஒரு துளி விழுந்து, நாற்காலியின் ஒரு கால் பரவியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"அம்மா, அவர் கேக்குறார். என்ன சொல்லட்டும்?"

குரு படத்தைச் சுருட்டி அவரிடம் நீட்டினார்.

"கம்பளி வேணாம்னு சொல்லுங்க. அவங்க இருமினா உங்க தூக்கம் கெடுற எடத்துல விடச் சொல்லுங்க."